கிட் கார் ஏர்கோன்: கம்ப்ரெசரில் கை வைப்பதற்கு முன்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து பெட்டியில் பாகங்களாக வந்த கிட், அதாவது நாமே பூட்டிக்கொள்ளும் கார். நீங்களும் உங்கள் மச்சானும் வீட்டுப் போர்ச்சில் வைத்தே கட்டிய இரண்டு சீட் ஃபைபர் கூப்பே. ஹாஃப்-கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரில், எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ இன்ஜின், 20 வால்வு பிளேக் டாப். டேஷ்போர்டுக்கு அடியில் யுனிவர்சல் கூலிங் கோயில் (காற்றைக் குளிர்விக்கும் சுருள்) பெட்டி, இன்ஜினில் கேஸை அழுத்தித் தள்ளும் சண்டென் 508 கம்ப்ரெசர். ராத்திரி 11 மணிக்குக் கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவேயில் போனால் நன்றாகக் குளிர்கிறது. மதியம் 2 மணிக்கு அதே ரோட்டில் ஜேமில் மாட்டினால் வெறும் காற்றுதான் வருகிறது. ஒரு கடையில் கேஸ் டாப்-அப் செய்தார்கள், முன்பைவிட மோசமாகிவிட்டது. இன்னொரு கடையில் பெரிய கம்ப்ரெசராக மாற்றச் சொல்கிறார்கள். "மாற்றலாமா அண்ணே?" இதுதான் கேள்வி.

மாற்றாதீர்கள். ராத்திரி குளிர்கிறதே, பதில் அதிலேயே இருக்கிறது. கம்ப்ரெசர் தேய்ந்து போயிருந்தால் ராத்திரியும் சேர்த்துக் கைவிட்டிருக்கும். உங்கள் காரில் குளிர் உண்டாகிறது. ஆனால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வழி கிடையாது, வெளியே இருக்கும் சூடு உள்ளே வர மட்டும் பத்து வழி இருக்கிறது. கிட் காரில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதே கதைதான்.

நான் செகாம்புட்டில் மாமாவிடம் கார் ஏர்கோன் வேலை கற்றுக்கொண்டு 25 வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதன்முதலில் என்னிடம் வந்த கிட் காருக்கு, இன்றைக்கு உங்களுக்கு அந்தக் கடைக்காரர் சொல்வதைத்தான் நானும் செய்தேன். 508-ஐக் கழற்றி வைத்துவிட்டு ஏழு பிஸ்டன் 7எச்15 போட்டேன். காலை 9 மணிக்குக் கடை வாசலில் ஐஸ் மாதிரி வந்தது. காசு வாங்கி அனுப்பிவைத்தேன். அன்று மதியமே கோம்பாக் டோல் வரிசையில் நிற்கும்போது அழுத்தம் எல்லை மீறினால் கேஸை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்து, போனட்டுக்கு அடியிலிருந்து கேஸ் வெள்ளையாகச் சீறியிருக்கிறது. கார் தீப்பிடித்துவிட்டது என்று பின்னால் நின்றவர் கதவைத் திறந்துகொண்டு ஓடினாராம். கார்க்காரர் போனில் என்னைப் பேசியதை இங்கே எழுத முடியாது. கணக்கு என்னவென்றால், 508 ஒரு சுற்றுக்கு 138 சிசி கேஸ் தள்ளும், 7எச்15 தள்ளுவது 155 சிசி. 12 விழுக்காடு கூடுதல். அந்தக் கூடுதல் சூட்டையும் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸை ஆறவைக்கும் அதே பழைய கண்டென்சர்தான் வெளியே தள்ள வேண்டும். ஏற்கெனவே மூச்சுமுட்டிக்கொண்டிருந்த ஆள் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டேன்.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். நல்ல வெயில் நேரத்தில், காரை நிறுத்திய நிலையில், இன்ஜினை ஐடிலில் விட்டு, புளோவரை உச்சத்தில் வைத்து, கேஜ் செட்டை மாட்டுங்கள். நீல மீட்டர் காட்டுவது கம்ப்ரெசருக்குள் போகும் கேஸின் குறைந்த அழுத்தம், சிவப்பு மீட்டர் காட்டுவது அதிலிருந்து வெளிவரும் கேஸின் உயர்ந்த அழுத்தம். ஆர்134ஏ கேஸில் ஒரு வசதி உண்டு. அழுத்தம் தெரிந்தால், அது எத்தனை டிகிரியில் கொதிக்கிறது, எத்தனை டிகிரியில் திரவமாகிறது என்பதும் தெரிந்துவிடும். போன வருஷம் உங்கள் வண்டி மாதிரியே ஒன்று வந்தது. நீல மீட்டரில் 55 பிஎஸ்ஐ, சிவப்பு மீட்டரில் 330. கூலிங் கோயில் 15 டிகிரியில் நிற்கிறது, கண்டென்சர் 75 டிகிரியில் தவிக்கிறது என்று அர்த்தம். டேஷ்போர்டுத் துவாரத்தில் செருகிய தெர்மாமீட்டர் 19 காட்டியது. கடைப் பையனைக் கூப்பிட்டு, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மட்டும் ரப்பர் ஹோஸில் தண்ணீரைப் பூப்போலத் தெளிக்கச் சொன்னேன். இரண்டே நிமிஷம். சிவப்பு 220-க்கு இறங்கியது, நீலம் 32-க்கு. தெர்மாமீட்டர் 9. கார்க்காரர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஒரு சென் செலவில்லாமல் கம்ப்ரெசர் நல்லவன் என்று நிரூபணமாகிவிட்டது.

உங்கள் வண்டிக்கும் இந்தத் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள், இக்னிஷன் கோயில் பக்கம் மட்டும் தெளிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றியதும் சிவப்பு மீட்டர் சரசரவென்று இறங்கினால் கண்டென்சருக்குக் காற்று போதவில்லை. ஊற்றியும் அசையாமல் பிடிவாதமாக நின்றால் உள்ளே கேஸ் அதிகம், அல்லது வேக்கம் சரியாகப் போடாமல், அதாவது பைப்புக்குள் இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுக்காமல், காற்று சிக்கியிருக்கிறது. டாப்-அப்புக்குப் பிறகு மோசமானது என்கிறீர்களே, உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மைவி, வீரா மாதிரிக் கம்பெனிக் கார்களில் எத்தனை கிராம் கேஸ் என்று போனட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கும். கிட் காரில் அது கிடையாது. கடைக்காரர் பைப்பைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லென்று இருக்கிறது, போதும்" என்பார். கூடுதல் கேஸ் திரவமாகிக் கண்டென்சரின் கீழ்ப்பாதியில் தேங்கிவிடும். பாதிக் கண்டென்சர்தான் வேலை செய்யும், சிவப்பு மீட்டர் ஏறும்.

முழுக் கேஸையும் மெஷினில் இழுத்து எடுத்துவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குறைந்தது 45 நிமிஷம் வேக்கம் போட்டு, தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். முதலில் 400 கிராம் விட்டுவிட்டு, டிரையர் தலையில் இருக்கும் கண்ணாடியில் குமிழி மறையும் வரை 25, 25 கிராமாகச் சேர்க்க வேண்டும். மறைந்த பிறகு இன்னும் ஒரு 50 கிராம், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். உங்கள் அளவு வண்டி பெரும்பாலும் 500, 600 கிராமில் அடங்கிவிடும். அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி போனட்டுக்கு அடியில் நீங்களே ஒட்டிவிடுங்கள். உங்கள் காருக்கு நீங்கள்தானே ஃபேக்டரி.

இனி காற்று. இந்தக் கிட் கார்களின் வம்சாவளியைப் பார்த்தால் மூக்கு ஏன் இப்படி என்று புரியும். லோட்டஸ் செவன் 1957-இல் வந்தது. இங்கிலாந்தில் அப்போது முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. அதனால் பெட்டியில் கார் விற்கும் தொழில் அங்கே செழித்தது. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் காலுக்குச் சூடு கொடுக்க ஒரு ஹீட்டர். ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் வைக்க வேண்டும், ஜேமில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று அங்கே யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். உங்கள் கிட்டும் அந்தப் பரம்பரைதான். தாழ்ந்த மூக்கு, சின்ன வாய், சாய்த்து வைத்த ரேடியேட்டர்.

சின்ன வாயை நாம் பெரிதாக்க முடியாது. ஆனால் வாய்க்குள் போகிற காற்று முழுவதும் கண்டென்சர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியும். காற்றுக்குச் சோம்பேறித்தனம் உண்டு தம்பி. கண்டென்சருக்கும் ஃபைபர் பாடிக்கும் நடுவில் மூன்று விரல் சந்து இருந்தால் அந்தச் சந்து வழியாகவே நழுவிவிடும். நின்றுகொண்டிருக்கும்போது நடப்பது அதைவிட மோசம். ரேடியேட்டரைத் தாண்டிப் பின்னால் போன சூடான காற்று, அதே சந்து வழியாகவும் மூக்குக்கு அடியாகவும் சுற்றி முன்னால் வந்து, திரும்பக் கண்டென்சருக்குள் போகும். வெளியே 33 டிகிரி, கண்டென்சர் குடிப்பதோ 50 டிகிரி. 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடும் ரப்பர் பீடிங்கும் வாங்கி நான்கு பக்கமும் அடைத்துவிடுங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியின் ஓரங்களையும் விடாதீர்கள். ஆயில் கூலரைக் கண்டென்சருக்கு முன்னால் மாட்டியிருந்தால் அதற்கு வேறு இடம் பாருங்கள்.

அடைத்த பிறகு காகிதச் சோதனை. 'மலேசிய நண்பன்' நாளிதழ்த் தாள் ஒன்றை நான்காகக் கிழித்து, ஃபேன் ஓடும்போது கண்டென்சரின் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். நான்கு துண்டும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் மட்டும் ஒட்டி, மூலையில் விழுந்தால் ஃபேனுக்கு ஷ்ரவுட் (காற்றைக் கூட்டி இழுக்கும் கூடு) இல்லை, வட்டத்துக்கு நேரே இருக்கும் இடம்தான் வேலை செய்கிறது. எதுவுமே ஒட்டாமல் முகத்தில் காற்றடித்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. சிரிக்காதீர்கள், இரண்டு வயரை மாற்றி மாட்டிய வண்டிகளை நான் என் கையால் திருத்தியிருக்கிறேன். ஹைவேயில் ஓடும் காற்று அதை மறைத்துவிடும், நின்றதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஃபேன் பற்றி இன்னொன்று, இது ஃபைபர் வண்டிக்கே உரிய நோய். இரும்பு பாடிக் காரில் எர்த் வயரை எங்கே மாட்டினாலும் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் கரன்ட் ஓடாது. ஒவ்வோர் எர்த்தும் வயரிலேயே திரும்பி வர வேண்டும். கட்டும்போது ஹெட்லைட், ஹாரன், ஃபேன் மூன்றையும் ஒரே மெல்லிய கறுப்பு வயரில் கோத்துவிடுவார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட், ஃபேன் கனெக்டரில் மீட்டரை வைத்தால் 11.2. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஃபேனுக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், 4 எம்எம் வயர், எர்த் நேராகப் பேட்டரிக்கு. டிரையர் பக்கம் மூன்று வேலை பார்க்கும் டிரைனரி சுவிட்ச் போடுங்கள். கேஸ் குறைந்தால் கம்ப்ரெசரை நிறுத்தும், 220, 250 பிஎஸ்ஐ வாக்கில் ஃபேனை முடுக்கும், 400 பக்கம் போனால் கட் செய்யும். என் கோம்பாக் கதை நடந்த வண்டியில் அந்தச் சுவிட்ச் இல்லை.

ஐடிலையும் பாருங்கள். உங்கள் இன்ஜினுக்கு 7,800 சுற்றில்தான் முழுப் பலம். 508-ஐ 6,000-க்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. சின்னப் புல்லி போட்டு ஜேமில் கம்ப்ரெசரை வேகமாகச் சுற்ற வைத்தால், மேட்டில் மிதிக்கும்போது அது உடைந்து கையில் வந்துவிடும். அதனால் புல்லியைத் தொடாமல், ஏர்கோன் போட்டதும் ஐடில் 950-க்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஹாஃப்-கட் வயரிங்கில் ஏர்கோன் சிக்னல் வயரைப் பெரும்பாலும் வெட்டி விட்டிருப்பார்கள், அதை இசியுவோடு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரோடு, சேர்த்தாலே ஐடில்-அப் திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்தால் துவாரத்தில் குளிர் வரும். ஆனால் கார் குளிராது. ஏனென்றால் அடுத்த சிக்கல் கேபினுக்குள் இருக்கிறது, ஏர்கோன் கடைக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது.

கோலாலம்பூர் மதியக் காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று மணிக்கு 100 கன மீட்டர் உங்கள் காருக்குள் ஒழுகி வந்தால், அதை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து ஈரத்தைப் பாதியாகப் பிழிய ஏறக்குறைய 1 கிலோவாட் குளிர் செலவாகும். அதில் முக்கால் பங்கு ஈரத்தைத் தண்ணீராக்குவதற்கே போய்விடும், ஒரு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சொட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டி மொத்தமாகத் தருவதே மூன்று, நான்கு கிலோவாட்தான். 100 கன மீட்டர் என்பது பெரிய அளவே இல்லை. கியர் லிவர் பூட், பெடல் பாக்ஸ், ஸ்டியரிங் கம்பி நுழையும் ஓட்டை, வயரிங் கட்டு நுழையும் ஓட்டை, கைபிரேக் கேபிள், கதவு ரப்பர், எல்லாம் சேர்ந்தால் ஓடும்போது தாராளமாக வந்துவிடும். அதிலும் இன்ஜின் பக்கத்து ஓட்டை வழியாக வருவது 33 டிகிரிக் காற்று இல்லை, எக்ஸ்டிராக்டரை, அதாவது சூடான எக்ஸாஸ்ட் குழாய்களை, தடவிக்கொண்டு வருகிற காற்று.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ராத்திரி போர்ச் விளக்கை அணைத்துவிட்டு, பளிச்சென்ற எல்இடி விளக்கைக் காருக்குள் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். போனட்டைத் திறந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் சூடு நுழைகிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் தீபாவளி மாதிரி இருக்கிறது என்பார்கள். வயர் நுழையும் இடத்துக்கு ரப்பர் குரோமெட், தகடுகள் சேரும் இடத்துக்குச் சூடு தாங்கும் சீலன்ட், கியர் லிவருக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு பூட். கதவு ரப்பருக்கு இன்னொரு சோதனை. புளோவரை ஓட விட்டு, உள்ளே உட்கார்ந்து ஓர் ஊதுபத்தியைக் கதவு ஓரமாகக் கொண்டுபோங்கள், புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். பெட்ரோல் வாடை லேசாக அடித்தால்கூட ஊதுபத்தியைத் தொடாதீர்கள், வாடையை முதலில் கவனியுங்கள்.

கூலிங் கோயில் பெட்டி காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். கேபின் காற்றையே திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். சிலர் அதை ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவர்) ஓட்டைக்கு முதுகு கொடுத்து மாட்டிவிடுகிறார்கள்.

ஹீட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நம் ஊரில் அது எதற்கு? கிட்டோடு வந்ததே என்று பாசத்தில் விட்டுவைக்கிறார்கள். வால்வு லேசாகக் கசிந்தாலும் 85 டிகிரித் தண்ணீர் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பனி படிந்தால் ஏர்கோனே துடைத்துவிடும்.

ஃபைபர் சூடு கடத்தாது, அதனால் தடுப்பு வேண்டாம் என்று உங்கள் மச்சான் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அவர் சொல்வது சரி. ஆனால் 3 மில்லிமீட்டர் கனத்தில் எந்தப் பொருளாலும் பெரிதாகத் தடுக்க முடியாது. சத்தத்துக்காக ஒட்டும் கறுப்புத் தார் ஷீட்டும் அப்படித்தான். அதிர்வை அடக்கும், சூட்டை அல்ல. இன்ஜின் பக்கம் பளபளப்பான அலுமினியத் தடுப்பு ஒன்றை, பாடியிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி, ஸ்பேசர் வைத்து மாட்டுங்கள். அந்த 10 மில்லிமீட்டர் சந்தில் ஓடும் காற்றுதான் காவல்காரன். உள்ளே, தரைக்கும், கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனலுக்கும், மூடிய செல் ஃபோம் 6 எம்எம். எக்ஸ்டிராக்டருக்கு மிக அருகில் ஓடும் நம்பர் 10 ஹோஸுக்கும், அதாவது கோயிலிலிருந்து கம்ப்ரெசருக்குப் போகிற தடித்த பைப்புக்கும், சூடு தாங்கும் உறை போடுங்கள்.

கண்ணாடிக்கு நல்ல டின்ட். ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகா) கணக்கில் முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சம் விட வேண்டும். கறுப்பைப் பார்த்து வாங்காமல், எவ்வளவு சூட்டை நிறுத்துகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, ராத்திரி ஹைவேயில் அரை மணி நேரம் போனால் காற்று மெலிந்துவிடுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அது வேறு நோய். கோயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மோஸ்டாட்டின் மெல்லிய குழல் கோயில் இறகுகளுக்கு நடுவே ஆழமாகச் செருகியிருக்கிறதா, 2, 3 டிகிரியில் கம்ப்ரெசரை நிறுத்துகிறதா என்று பாருங்கள். கோயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பென்ஷன் வால்வுக்கு, சூட்டை உணரும் தனி பல்பு இருக்கிற வகை என்றால், அந்தப் பல்பு கோயிலிலிருந்து வெளியேறும் பைப்போடு உலோகத்துக்கு உலோகம் ஒட்டி, இறுக்கமாகக் கிளிப் போட்டு, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும். கிட் காரில் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். தொங்கும் பல்பு டேஷ்போர்டுச் சூட்டைக் கோயில் சூடு என்று நம்பி வால்வைத் திறந்து விட்டுவிடும்.

தண்ணீர் போகும் டியூபையும் தடவிப் பாருங்கள். மணிக்கு ஒரு லிட்டர் வரக்கூடிய இடம், சின்ன டியூப் போதாது. புளோவர் கோயிலுக்குப் பின்னால் இருந்து இழுக்கும் பெட்டி என்றால், அந்த டியூப் வழியாக வெளிக்காற்றையும் உறிஞ்சும், தண்ணீர் இறங்காமல் உள்ளேயே தேங்கிப் பிறகு வலது காலில் கொட்டும். டியூபை 'எஸ்' மாதிரி வளைத்துவிட்டால் வளைவில் நிற்கும் தண்ணீரே அடைப்பாகிவிடும்.

கேஸ் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்134ஏ-க்குப் பதிலாக எரியும் ஹைட்ரோகார்பன் கேஸ் போட்டால் இன்னும் குளிரும் என்று யாராவது சொன்னால் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு, போடாமல் வந்துவிடுங்கள். குளிரும், பொய்யில்லை. ஆனால் கோயில் பெட்டி உங்கள் முழங்காலுக்கு மேல் இருக்கிறது, அக்கம்பக்கத்து வயரிங் நீங்கள் போர்ச்சில் போட்டது.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இந்தச் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு, மழை வருவதற்குள், நான்கு எண்ணை மட்டும் எடுத்து அனுப்புங்கள். ஐடிலில் நீல மீட்டர், சிவப்பு மீட்டர், தண்ணீர் தெளித்த பிறகு சிவப்பு மீட்டர், ஃபேன் கனெக்டரில் வோல்ட். காலையில் எடுத்தது வேண்டாம், காலையில் எல்லா ஏர்கோனும் நல்ல ஏர்கோன்தான்.